நொக் பஸ் கிளாக்: சும்மா இருக்கும்போது டிஸ்பிளே அண்டர்ரன், மாட்யூலாக்கினால் பூட் முடிவில் உறைதல்

மௌனப்பிழை (கேள்வி)

64 பிட் ஆர்ம் சிப் ஒன்றின் உள் பஸ்ஸுக்கு (நொக், அதாவது சிப்பின் பகுதிகளை இணைக்கும் தரவுப் பாதை), லினக்ஸ் இன்டர்கனெக்ட் பிரேம்வொர்க்கில் (யாருக்கு எவ்வளவு பேண்ட்வித் வேண்டும் என்ற கோரிக்கைகளைத் திரட்டும் கெர்னல் பகுதி) புரவைடர் டிரைவர், அதாவது அந்தக் கோரிக்கைகளுக்கு ஏற்ப பஸ் கிளாக்கை மாற்றும் டிரைவர், எழுதியிருக்கிறேன். மூன்று சிக்கல்கள். ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கிறதா இல்லையா என்றே பிடிபடவில்லை. ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு இது: முதன்மை நொக்கின் அகலம் 64 பிட், அதாவது ஒரு சைக்கிளுக்கு 8 பைட். சிபியு, டிஸ்பிளே, எம்எம்சி, கேமரா எல்லாம் இதன் வழியாகத்தான் டிடிஆருக்கு (முதன்மை நினைவகம்) போகின்றன. கிளாக் 400 மெகாஹெர்ட்ஸ் நிலையான பிஎல்எல்லில் (கிளாக்கை உருவாக்கும் சுற்று) இருந்து வருகிறது. நடுவில் 1 முதல் 16 வரை வகுக்கும் முழு எண் டிவைடர், அதற்குப் பின் கிளாக்கைத் திறந்து மூடும் ஒரு கேட். பூட்லோடர் 400இலேயே விட்டுவிட்டுப் போகிறது. டிஸ்பிளே 1920×1080, நொடிக்கு 60 பிரேம், பிக்சலுக்கு 4 பைட். சிபியு தன் ஓபிபி அட்டவணை (இயங்கும் வேகப் படிகளின் பட்டியல்) வழியாக உச்ச பேண்ட்வித் கேட்கிறது: கீழ்ப்படியில் நொடிக்கு 2,00,000 கிலோபைட், மேல்படியில் 16,00,000.

புரவைடரின் செட் கால்பேக்கில் (கோரிக்கை மாறும்போது கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்), எல்லாக் கணுக்களின் (பஸ்ஸில் இணையும் சிபியு, டிஸ்பிளே போன்ற புள்ளிகள்) சராசரிக் கோரிக்கையையும் கூட்டுகிறேன், உச்சங்களில் பெரியதை எடுக்கிறேன், இந்த இரண்டில் எது பெரிதோ அதை 1000ஆல் பெருக்கி 8ஆல் வகுத்து கிளாக்_செட்_ரேட்டுக்குக் கொடுக்கிறேன். எல்லாம் யு32 (குறியில்லா 32 பிட்) மாறிகள். ப்ரோபில் (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது) கிளாக்கை இயக்கும் கிளாக்_பிரிப்பேர்_எனேபிள், ரிமூவில் (விலகும்போது) அதன் எதிர்.

1. பூட் ஆகும்போது படம் சுத்தமாக வருகிறது. மாட்யூல்கள் எல்லாம் ஏறி முடிந்ததும் அண்டர்ரன் (திரைக்குத் தரவு நேரத்துக்கு வராமல் போவது) தொடங்குகிறது. விசித்திரம் என்னவென்றால், சிபியுவுக்கு வேலை கொடுத்தால் படம் சரியாகிவிடுகிறது. சும்மா விட்டால் மறுபடி கோடுகள்.

2. புரவைடரை கெர்னலுக்குள்ளேயே கட்டினால் பூட் ஆகிறது. மாட்யூலாக்கினால், பயன்படாத கிளாக்குகளை அணைக்கிறேன் என்ற வரியோடு போர்டு உறைந்துவிடுகிறது. ஊப்ஸ் இல்லை, பேனிக் இல்லை (கெர்னலின் பிழை அறிக்கை எதுவும் இல்லை). கிளாக் டிரைவரில் இக்னோர்_அன்யூஸ்டு கொடி போட்டதும் பூட் ஆனது. ஆனால் மாட்யூலை ஆர்எம்மாட் செய்தால் (கெர்னலில் இருந்து இறக்கினால்) அதே உறைதல்.

3. இதே கெர்னல் இமேஜ் இன்னொரு போர்டில் அண்டர்ரனே இல்லாமல் ஓடுகிறது. டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பு) மட்டும் வேறு: அதில் கேமரா கணு "ஓகே" நிலையில் இருக்கிறது.

முதல் போர்டு சும்மா இருக்கும்போது டீபக்எஃப்எஸ்ஸில் இன்டர்கனெக்ட் சம்மரி சொல்வது:

கணு — குறி — சராசரி — உச்சம்
எம்_சிபியு — 0 — 0 — 200000
எம்_டிஸ்பிளே — 0 — 62250 — 74250

கிளாக் சம்மரியில் நொக் பஸ்ஸின் ரேட் 25000000.

---

கடிகாரமுள்

முதல் சிக்கலுக்கு விடை நீங்கள் ஒட்டியிருக்கும் அட்டவணையிலேயே இருக்கிறது. 62250 என்ற எண்ணைப் பாருங்கள்.

1920 × 1080 × 4 × 60 = 49,76,64,000 பைட். அதாவது டிஸ்பிளேக்கு நொடிக்குச் சராசரியாக 498 மெகாபைட் வேண்டும். பிரேம்வொர்க்கின் அலகு கிலோபைட்/நொடி. ஆக அங்கே 498000 என்று இருக்க வேண்டும். 498000ஐ 8ஆல் வகுத்தால் 62250. உச்சமும் அப்படியே: 1080பி60க்கு பிக்சல் கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ், 4 பைட்டால் பெருக்கினால் 594 மெகாபைட். அது 74250 ஆகியிருக்கிறது.

டிரைவரில் எம்பிபிஎஸ்_டு_ஐசிசி என்ற மேக்ரோவைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அந்தப் பெயரில் இரண்டு மேக்ரோக்கள் உண்டு. எம்முக்கு அடுத்து வரும் முதல் "பி" சிறிய எழுத்தானால் மெகாபிட்: 1000ஆல் பெருக்கி 8ஆல் வகுக்கும். பெரிய எழுத்தானால் மெகாபைட்: 1000ஆல் பெருக்குவதோடு சரி. கம்பைலர் இரண்டையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளும்.

இப்போது நடப்பது இதுதான். சும்மா இருக்கும்போது சிபியு கேட்பது 2,00,000. அதுதான் பெரியது. 200 மெகாபைட்டை 8ஆல் வகுத்தால் 25 மெகாஹெர்ட்ஸ். பஸ் தரக்கூடியது மொத்தமே 200 மெகாபைட். டிஸ்பிளே 498 இழுக்கப் பார்க்கிறது. சிபியுவுக்கு வேலை கொடுத்தால் அது 16,00,000 கேட்கும், பஸ் 200 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறும், அந்த நிழலில் டிஸ்பிளேயும் பிழைத்துக்கொள்ளும். வேலை இருந்தால் சரியாக ஓடி, சும்மா இருந்தால் கெட்டுப்போகிற பிழை எதுவானாலும் முதல் சந்தேகம் பேண்ட்வித் வோட்டு (ஒவ்வொரு சாதனமும் வைக்கும் கோரிக்கை) மேல்தான் போக வேண்டும்.

---

மௌனப்பிழை

சிறிய பிதான். மாற்றிவிட்டேன். சம்மரியில் இப்போது 498000, 594000 என்று வருகிறது. முழுத்திரைக் கலக்கம் போய்விட்டது. ஆனால் எப்போதாவது ஒரு கோடு இன்னும் வெட்டுகிறது. கிளாக் சம்மரியில் 66666667. 594ஐ 8ஆல் வகுத்தால் 74.25 வர வேண்டுமே?

---

கணுக்கால்

74.25ஐத்தான் கேட்டீர்கள், கிடைத்தது 66.67. கிளாக்_செட்_ரேட் ஒரு வேண்டுகோள்தான். பொதுவான டிவைடர் டிரைவர், தனிக் கொடி எதுவும் இல்லையென்றால், கேட்ட ரேட்டைத் தாண்டாத அளவுக்குக் கீழே இறக்கும். 400ஐ 74.25ஆல் வகுத்தால் 5.39; அதை மேல்நோக்கி 6 ஆக்குகிறது; 400/6 = 66.67. யுஆர்ட், எஸ்பிஐ மாதிரி புறச்சாதனங்களுக்கு இது நியாயமான முடிவு: அவற்றின் அதிகபட்ச வேகத்தை மீறக் கூடாது. பஸ்ஸுக்கு நேர் எதிர். இங்கே கேட்பது குறைந்தபட்சம். 66.67 × 8 = 533 மெகாபைட். 498ஐவிட அதிகம் என்பதால் பெரும்பாலான நேரம் ஓடும். செயலில் உள்ள கோட்டின்போது டிஸ்பிளே 594 வேகத்தில் இழுக்கும், ஃபைஃபோ (டிஸ்பிளேயின் இடைச்சேமிப்பு) வற்றினால் கோடு வெட்டும்.

இதற்குக் குறுக்குவழிகள் தேடாதீர்கள். மூன்று குறுக்குவழிகளும் எங்கே போய் முட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

டிவைடரில் ரவுண்ட்_க்ளோசஸ்ட் கொடி போட்டால் இந்த எண்ணுக்கு 80 கிடைக்கும், பிரச்சினை தீர்ந்த மாதிரி தெரியும். நாளைக்கு ஒருவர் 70 கேட்டால் அருகில் இருப்பது 66.67; மறுபடி கீழே.

கிளாக்_செட்_மின்_ரேட் போட்டால் டிவைடர் மேலே ஏறாது. அது வழக்கம்போல் கீழே வந்த எண்ணைத்தான் சொல்லும். அது குறைந்தபட்சத்துக்கும் கீழே இருப்பதால் கோர் மொத்த அழைப்பையும் இன்வேலிட் என்று திருப்பி அனுப்பிவிடும். பழைய ரேட்டே தொடரும். திரும்பும் மதிப்பைப் பார்க்காத டிரைவரில் இது கண்ணுக்கே தெரியாது.

செட்_ரேட்_பேரன்ட் கொடி போட்டு பிஎல்எல்லையே அசைக்கலாம் என்று தோன்றும். அந்த பிஎல்எல்லில் யுஆர்ட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அடுத்த நொடி சீரியல் கன்சோலில் குப்பை எழுத்துகள்தான்.

சரியான வழி: பஸ்ஸுக்கென்று ஓபிபி அட்டவணை ஒன்று வையுங்கள். 25, 50, 100, 200, 400 போதும் (16, 8, 4, 2, 1ஆல் வகுத்தவை). செட் கால்பேக்கில் தேவையான ரேட்டைக் கணக்கிட்டு, டெவ்_பிஎம்_ஓபிபி_ஃபைண்ட்_ஃப்ரீக்_சீல் கொண்டு அதற்குச் சமமான அல்லது மேலான படியை எடுத்து, அந்தத் துல்லியமான எண்ணை கிளாக்குக்குக் கொடுங்கள். 74.25க்கு 100 கிடைக்கும். பஸ் வேகத்தோடு வோல்டேஜும் மாற வேண்டிய சிப்பானால், டெவ்_பிஎம்_ஓபிபி_செட்_ரேட் வழியாகக் கொடுத்தால் ஓபிபி அதையும் பார்த்துக்கொள்ளும்: ஏறும்போது வோல்டேஜ் முதலில், இறங்கும்போது கிளாக் முதலில். கேட்ட எண் 400ஐத் தாண்டினால் சீல் எதையும் கண்டுபிடிக்காமல் பிழை தரும். அப்போது உச்சப் படியை எடுக்க ஒரு கிளை எழுதிவையுங்கள். பூட் நேரத்தில் அது கட்டாயம் வரும்.

இன்னொன்று. 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் காகிதத்தில் 800 மெகாபைட். எந்த நொக்கும் டிடிஆரும் காகிதக் கணக்கை முழுசாகத் தருவதில்லை. பேஜ் மாற்றம், ரிஃப்ரெஷ், எழுத்து-வாசிப்புத் திருப்பம் எல்லாம் தின்றுவிடும். 70 விழுக்காடுதான் தேறும் என்று வைத்தால் 594க்கு 849 வேண்டும், அதாவது 106 மெகாஹெர்ட்ஸ், அதாவது 200 படி. இந்தக் கழிவைக் கேட்கிற டிரைவர்களில் ஆளுக்கொரு விதமாக ஏற்றாதீர்கள். டிஸ்பிளே டிரைவர் தனக்கு வேண்டியதை உண்மையாகச் சொல்லட்டும்; பஸ்ஸின் திறன் எவ்வளவு என்பது புரவைடருக்குத்தான் தெரியும். குவால்காமின் ஆர்பிஎம் புரவைடர்கள் சராசரிக்கும் உச்சத்துக்கும் தனித்தனி விழுக்காட்டுக் கெழுவைப் புரவைடர் பக்கமே வைத்திருப்பது இதனால்தான்.

---

பைட்டுப்பெட்டி

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். ஒழுங்காக ஓடுகிறது என்று நீங்கள் நம்பும் அந்த இரண்டாவது போர்டுதான் கெட்டுப்போன போர்டு. அதில் கிளாக் சம்மரியைப் பாருங்கள். எந்நேரமும் 400 மெகாஹெர்ட்ஸில் நிற்கும்.

பூட்லோடர் என்ன பேண்ட்வித்தை நம்பி டிஸ்பிளேயை ஓட விட்டுப் போனது என்பது கெர்னலுக்குத் தெரியாது. அதனால் புரவைடர் கெட்_பிடபிள்யூ கால்பேக் (தற்போதைய பேண்ட்வித்தைச் சொல்வது) தராவிட்டால், பிரேம்வொர்க் ஒவ்வொரு கணுவுக்கும் தொடக்க மதிப்பாக இன்ட்_மேக்ஸை வைக்கிறது: 2147483647 கிலோபைட்/நொடி. யார் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், சிங்க்_ஸ்டேட் (பஸ்ஸை நம்பும் சாதனங்கள் எல்லாம் தயார் என்று கெர்னல் தரும் அறிவிப்பு) வரும் வரை அந்த எண்தான் செல்லும். சிங்க்_ஸ்டேட் வந்ததும் தொடக்க மதிப்புகள் நீக்கப்பட்டு, உண்மையான வோட்டுகள் மட்டும் மிஞ்சும். முதல் போர்டில் மாட்யூல்கள் ஏறி முடிந்ததும் அண்டர்ரன் தொடங்கியது இதனால்தான்.

சிங்க்_ஸ்டேட் வர, டிவைஸ் ட்ரீயில் இந்தப் புரவைடரைச் சுட்டும் எல்லாச் சாதனங்களும் ப்ரோப் ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது போர்டில் கேமரா கணு ஓகே, இன்டர்கனெக்ட்ஸ் பண்பும் (எந்தப் பஸ்ஸைப் பயன்படுத்துகிறது என்று சுட்டுவது) இருக்கும், ஆனால் டிரைவர் கெர்னல் கான்ஃபிக்கில் இருக்காது. அது ஒருநாளும் ப்ரோப் ஆகாது. பஸ்ஸும் ஒருநாளும் இறங்காது.

சரிபார்க்க: சிஸ்எஃப்எஸ்ஸில் புரவைடர் சாதனத்தின் கீழ் ஸ்டேட்_சிங்க்டு என்ற கோப்பு இருக்கும். 0 என்றால் இன்னும் காத்திருக்கிறது. காத்திருப்பது யாருக்காக என்று கெர்னல் லாகில் "சிங்க்_ஸ்டேட் பெண்டிங் ட்யூ டு" என்ற வரி பெயரோடு சொல்லும். பூட் வரியில் எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்.சிங்க்_ஸ்டேட்=டைம்அவுட் கொடுத்தால் காலக்கெடுவுக்குப் பிறகு காத்திராமல் இறக்கிவிடும். சோதனைக்கு நல்லது. நிரந்தரத் தீர்வு, டிரைவர் இல்லாத கணுவை டிவைஸ் ட்ரீயில் டிஸேபிள்டு ஆக்குவதுதான்.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. இன்டர்கனெக்ட் கோர் புரவைடருக்குப் புரவைடர் தனியாக இறக்குவதில்லை. பூட்டின்போது டிவைஸ் ட்ரீயில் இன்டர்கனெக்ட்-செல்ஸ் பண்பு உள்ள, இயங்கும் நிலையில் இருக்கிற கணுக்களை எண்ணி வைத்துக்கொள்கிறது. அத்தனை பேரிடமிருந்தும் ஐசிசி_சிங்க்_ஸ்டேட் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்து இறக்குகிறது. உங்கள் சிப்பில் நான்கு நொக் இருந்து, மூன்றுக்குத்தான் டிரைவர் எழுதியிருந்தால், அல்லது ஒரு டிரைவரில் மட்டும் சிங்க்_ஸ்டேட் வரியை எழுத மறந்திருந்தால், நான்குமே உச்சத்தில் நிற்கும். பேட்டரி கரைகிறது என்ற புகாரின் வேர் இங்கே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பஸ்ஸைப் பயன்படுத்தும் சாதனத்துக்கு டிவைஸ் ட்ரீயில் இன்டர்கனெக்ட்ஸ் பண்பே இல்லையென்றால், அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அது உச்ச வேகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தரை விலகும்.

அடுத்து உங்கள் யு32. 2147483647ஐ 1000ஆல் பெருக்கினால் 32 பிட்டில் வழிந்து 4294966296 மிஞ்சும். 8ஆல் வகுத்தால் 536 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். டிவைடர் அதை 400 என்று எடுத்துக்கொள்ளும். தற்செயலாகப் பிழைத்திருக்கிறீர்கள். உண்மையான கோரிக்கையில் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. சராசரிகளின் கூட்டல் 43,00,000 ஆனால், பெருக்கல் வழிந்து வெறும் 50 லட்சம் பைட் மிஞ்சும். 8ஆல் வகுத்தால் 0.63 மெகாஹெர்ட்ஸ், பஸ் 25க்கு விழும். பஸ்ஸே 3.2 ஜிகாபைட்தானே, 4.3 எப்படி வரும் என்று கேட்கலாம். கூட்டல் பஸ்ஸின் வரம்பைப் பார்ப்பதில்லை, கேட்கிறவர்களும் பார்ப்பதில்லை. கூட்டுவதும் பெருக்குவதும் யு64இல் இருக்கட்டும், கிளாக்குக்குக் கொடுக்கும் முன் அதன் வரம்புக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். 32 பிட் கெர்னலில் கிளாக் ரேட் 32 பிட்தான் என்பது நினைவிருக்கட்டும்.

---

தறிகட்டை

இரண்டாவது சிக்கல் மிச்சம் இருக்கிறது. நடப்பது இது: கெர்னலின் இனிட் வரிசையின் கடைசிக் கட்டத்தில், எனேபிள் எண்ணிக்கை 0 ஆக இருந்தும் வன்பொருளில் ஓடிக்கொண்டிருக்கும் கிளாக்குகளை எல்லாம் கோர் அணைக்கிறது. புரவைடர் உள்ளேயே கட்டப்பட்டிருந்தால் அதற்கு முன்பே ப்ரோப் ஆகி எண்ணிக்கையை 1 ஆக்கியிருக்கும். மாட்யூல் ஏறுவது யூசர்ஸ்பேஸ் வந்த பிறகு. அதற்குள் கேட் மூடியாகிவிட்டது. அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனை டிடிஆரில் இருந்து எடுக்கவே வழி இல்லை. ஊப்ஸ் அச்சாக வேண்டுமென்றாலும் அதை அச்சிடும் நிரலும் டிடிஆரில்தான் இருக்கிறது. புறச்சாதனப் பஸ்ஸின் கிளாக் போனால் சில சிப்புகளில் எஸ்எரரோ எக்ஸ்டர்னல் அபார்ட்டோ (பஸ் பிழை அறிவிப்புகள்) வரும், குறைந்தபட்சம் ஒரு ஸ்டாக் கிடைக்கும். பல சிப்புகளில் பதிலே வராது. வாட்ச்டாக் வந்து ரீசெட் செய்யும் வரை மௌனம்தான்.

இக்னோர்_அன்யூஸ்டு கொடி செய்வது, அந்த ஒரு கடைசிச் சுற்றில் மட்டும் இந்தக் கிளாக்கைத் தொடாதே என்பதுதான். யாராவது எனேபிள் செய்து பிறகு டிஸேபிள் செய்தால் எண்ணிக்கை 1லிருந்து 0க்கு இறங்கும், கேட் மூடும். உங்கள் ரிமூவ் அதைத்தான் செய்கிறது.

நீங்கள் போட வேண்டியது இஸ்_கிரிட்டிகல் கொடி. கிளாக் பதிவாகும்போதே கோர் தானே ஒரு எனேபிளைப் பிடித்துக்கொள்ளும்.

---

கணுக்கால்

இந்த ஒரு கிளாக்குக்கு கிரிட்டிகல் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லா நொக்குக்கும் அதையே போட்டுவிடக் கூடாது. கிரிட்டிகல் கிளாக்கைக் கெர்னல் அதன்பின் அணைக்கவே முடியாது. சஸ்பெண்டிலும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். சிபியுவில் இருந்து டிடிஆருக்கும் இன்டரப்ட் கன்ட்ரோலருக்கும் போகும் வழி மட்டும் கிரிட்டிகல். புறச்சாதன நொக்கை டிவைஸ் ட்ரீயில் சிம்பிள்-பிஎம்-பஸ் ஆக்கி, சாதனங்களை அதற்குள் பிள்ளைகளாக வைத்தால், கடைசிப் பிள்ளை ரன்டைம் சஸ்பெண்ட் ஆனதும் (வேலையில்லாமல் தூங்கியதும்) பஸ் கிளாக் தானாக அணையும். ஒருவர் எழுந்தாலும் முதலில் பஸ் எழும்.

---

தறிகட்டை

சாதனங்கள் எல்லாம் ரன்டைம் பிஎம்மை ஒழுங்காகச் செய்தால். ஒரு டிரைவர், சாதனத்தை எழுப்பும் கெட்_சிங்க் இல்லாமல் ரிஜிஸ்டரைத் தொட்டால் அதே மௌனம். முதலில் கிரிட்டிகலில் எழுப்பி நிறுத்தி, டிரைவர்களைச் சரிபார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்ப்பதே தலைவலி குறைந்த வழி. மற்றபடி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை.

உறைவது எந்தக் கிளாக்கில் என்று கண்டுபிடிக்க: பூட் வரியில் கிளாக்_இக்னோர்_அன்யூஸ்டு கொடுத்து உறைதல் போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் குற்றவாளி அந்தச் சுற்றுதான். பிறகு அதை எடுத்துவிட்டு, ட்ரேஸ்_ஈவென்ட்=கிளாக்:கிளாக்_டிஸேபிள், கூடவே டிபி_பிரிண்ட்கே. ட்ரேஸ் வரிகள் நினைவகத்தில் மட்டும் தங்காமல் நேராகக் கன்சோலுக்கும் வரும். கடைசியாக அச்சான பெயர்தான் ஆள். சீரியல் மெதுவாக இருந்து கடைசி வரி பாதியில் அறுந்தால், ரேம்ஊப்ஸ் பகுதி ஒதுக்கி வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு பிஎஸ்டோரில் படிக்கலாம். டிடிஆர் உள்ளடக்கத்தை அழிக்காத ரீசெட்டாக இருக்க வேண்டும்.

---

மௌனப்பிழை

கிரிட்டிகல் போட்டேன், ஓபிபி அட்டவணை வைத்தேன், யு64 ஆக்கினேன், இரண்டாவது போர்டில் கேமராவை டிஸேபிள் செய்தேன். இரண்டு போர்டும் இப்போது ஒரே மாதிரி நடக்கின்றன. சும்மா இருக்கும்போது 100இல் நிற்கிறது, வெட்டு இல்லை. 70 விழுக்காட்டுக் கணக்கை இன்னும் சேர்க்கவில்லை.

இன்னும் இரண்டு. திரை அணையும்போது வோட்டை 0 ஆக்க விபிளாங்க் (இரண்டு பிரேம்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி) இன்டரப்டிலேயே, வோட்டுப் போடும் ஐசிசி_செட்_பிடபிள்யூவை அழைத்தேன்; "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று கத்துகிறது. மற்றொன்று, சஸ்பெண்ட் ஆகி எழுந்தால் அண்டர்ரன் திரும்பி வருகிறது. கிளாக் சம்மரி 100 மெகாஹெர்ட்ஸ் என்றே காட்டுகிறது. இதுதான் புரியவில்லை.

---

கடிகாரமுள்

முதலாவது: ஐசிசி_செட்_பிடபிள்யூ உள்ளே மியூடெக்ஸ் (காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடிக்கிறது, அதன் கீழே கிளாக்_செட்_ரேட்டும் மியூடெக்ஸ் பிடிக்கிறது. இரண்டும் தூங்கக்கூடியவை. இன்டரப்டில் அழைக்கவே கூடாது. கிளாக் பக்கம் அட்டாமிக்காக அழைக்கத்தக்கது எனேபிள், டிஸேபிள் மட்டும்தான். பிரிப்பேரும் ரேட் மாற்றமும் அல்ல. வேலையை கமிட்டின் (புதிய பிரேமை வன்பொருளுக்கு எழுதும் கட்டம்) வால்பகுதிக்கோ ஒர்க்கியூவுக்கோ தள்ளுங்கள். வரிசை முக்கியம்: புதிய பிரேம் அதிகம் கேட்டால், பிளேனை (திரைக்குப் போகும் பட அடுக்கு) எழுதும் முன் வோட்டை ஏற்றுங்கள். குறைவாகக் கேட்டால், பழைய பிரேமின் ஸ்கேன்அவுட் முடிந்து விபிளாங்க் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு இறக்குங்கள். ஒரு பிரேம் முன்னால் இறக்கினாலும், பிளேன் மாறும்போது மட்டும் ஒரு கோடு மின்னும். அதைத் துரத்துவது பெரும்பாடு.

இரண்டாவதுக்கு ஒரு கேள்வி: சஸ்பெண்டில் கிளாக் கன்ட்ரோலருக்கு மின்சாரம் போகிறதா?

---

மௌனப்பிழை

போகிறது. எழும்போது எல்லா டிவைடர்களும் ரீசெட் மதிப்புக்கு வருகின்றன. நொக்குக்கு அது 16.

---

கடிகாரமுள்

அப்படியானால் வன்பொருள் 25இல் ஓடுகிறது, சம்மரி 100 என்கிறது. சம்மரி காட்டுவது கோர் தன் நினைவில் வைத்திருக்கும் ரேட். கிளாக்_செட்_ரேட்டும் அதே நினைவைத்தான் பார்க்கிறது: கேட்ட ரேட்டும் நினைவில் உள்ள ரேட்டும் ஒன்றாக இருந்தால் ரிஜிஸ்டரைத் தொடாமலே வெற்றி என்று திரும்பிவிடும். அதனால் டிஸ்பிளே டிரைவர் ரெஸ்யூமில் எத்தனை தடவை வோட்டுப் போட்டாலும் பலன் இல்லை. 100இல் இருந்து வேறு படிக்கு மாறினால்தான் ரிஜிஸ்டர் எழுதப்படும். சிபியுவுக்கு ஒருமுறை வேலை கொடுத்துப் பாருங்கள், 200க்கு ஏறி இறங்கியதும் படம் சரியாகிவிடும்.

கெட்_ரேட்_நோகேஷ் கொடியைப் போட்டு இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். கிளாக்_கெட்_ரேட் மாதிரி ரேட்டைக் கேட்கும்போது அது வன்பொருளைப் படித்துச் சொல்லும், அவ்வளவுதான். மீட்பு வேலை கிளாக் கன்ட்ரோலர் டிரைவருடையது: சஸ்பெண்டின் கடைசியில் டிவைடர், மக்ஸ் (கிளாக் எங்கிருந்து வர வேண்டும் என்று தேர்வது), கேட் ரிஜிஸ்டர்களைச் சேமித்து, எழும்போது சிஸ்கோர் கட்டத்திலேயே, அதாவது எந்தச் சாதனத்தின் ரெஸ்யூமும் தொடங்கும் முன்பே, திருப்பி எழுத வேண்டும். எழுதும்போது முதலில் பிஎல்எல்லின் லாக் பிட் வரும் வரை காத்திருங்கள், பிறகு டிவைடர், பிறகு மக்ஸ். மக்ஸை முதலில் திருப்பினால் லாக் ஆகாத பிஎல்எல்லில் நொக் ஓடும். மறுபடியும் உங்கள் இரண்டாவது சிக்கல்தான், இந்தத் தடவை ட்ரேஸும் கிடைக்காது.